மாமா வண்டிக் கூரைக்குப் பைபர் போட்டது

என் மாமாவுக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றே ஒன்றுதான். எது உடைந்தாலும் பைபர். குப்பத்துப் படகுகளின் ஓட்டையை அடைக்கிற அதே பைபர் துணியை ரெசின் பசையில் நனைத்துத் தண்ணீர்க் குடத்துக்கும் ஒட்டுவார், கக்கூஸ் கதவுக்கும் ஒட்டுவார். அம்மாவின் தம்பி ஆயிற்றே, எங்கள் வீட்டில் அவர் ஒட்டுப்போடாத பொருள் குறைவு.

அவரிடம் மீன் ஏற்றும் பழைய ஆம்னி வண்டி இருந்தது. கடலில் இருக்கும் படகுகளோடு வயர்லெஸ்ஸில் பேசி, என்ன மீன் வருகிறது என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ள ஆசைப்பட்டு, வண்டிக் கூரையில் ஆளுயர ஆண்டெனா நிறுத்தினார். கூரைத் தகரமோ உப்புக் காற்று அரித்து அப்பளம்போல் இருந்தது. மரக்காணம் உப்பளத்து ரோட்டில் ஒரு தடவை போய்வந்ததும் ஆண்டெனா சாய்ந்து, அடியில் தகரம் கிழிந்துவிட்டது. மாமாவுக்கு உள்ளூரச் சந்தோஷம். பைபர் போட இன்னொரு இடம் கிடைத்துவிட்டதே.

அந்த வாரம்தான் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் சண்டை. எதற்கென்று எனக்குத் தெரியவில்லை. அப்பா சோற்றைத் தொடாமல், இரண்டு மூன்று நாள் தங்கி மீன் பிடிக்கக் கடலுக்குப் போய்விட்டார். கடலுக்குப் போகிறவரைப் பின்னாலிருந்து கூப்பிடக் கூடாது என்பது எங்கள் குப்பத்தில் கண்டிப்பு. அம்மா தெருமுனை வரை ஓடி, வாயைப் பொத்திக்கொண்டு நின்றுவிட்டாள். கூப்பிடக் கூடாதென்றால் எதற்கு ஓடினாள் என்று எனக்குக் குழப்பம்.

மறுநாள் மாமா கூரையைத் தேய்த்து பைபர் துணியை அடுக்கடுக்காக ஒட்டினார். ரெசின் நாற்றமே ஆகாத அம்மா, அடுப்பை அணைத்துவிட்டு வந்து டப்பாவைப் பிடித்துக்கொண்டாள். காய்ந்ததா காய்ந்ததா என்று ஓயாமல் தொட்டுப் பார்த்தாள்.

சாயங்காலம் ஆண்டெனாவை மாட்டினார்கள். இப்போது அது அசையவில்லை. பேசவும் இல்லை. கரகரவென்று இரைச்சல்தான் வந்தது. படகில் பைபர் மேல்தானே ஆண்டெனா நிற்கிறது என்று மாமா தலையைச் சொறிந்தார். அம்மா அழுதேவிட்டாள். தம்பியின் மீன் வியாபாரத்துக்காக இப்படி அழுகிறாளே, எவ்வளவு நல்ல அக்கா என்று நான் வியந்தேன்.

வயர்லெஸ் செட் விற்றவருக்குப் போன் போட்டபோதுதான் விஷயம் தெரிந்தது. இது வண்டிக்கான ஆண்டெனாவாம். அடிப்பாகம் தகரத்தைத் தொட்டால்தான் வேலை செய்யுமாம். தான் ஒட்டிய பைபரைத் தானே வட்டமாகச் சுரண்டியபோது மாமாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! சுரண்டிய இடத்தில் ஆண்டெனாவை மறுபடி முடுக்கியதும் செட்டில் அப்பாவின் குரல் கேட்டது. மாமா மைக்கை அம்மாவிடம் நீட்டினார்.

"வேணாண்டா. பின்னால இருந்து கூப்புடுற மாதிரி ஆயிடும்."

"வலையப் போட்டுட்டு கரையப் பாத்துதான் உக்காந்துருப்பாரு. பேசுக்கா."

அம்மா மைக்கை வாங்கினாள். அவள் பேசுவது கடலில் இருக்கிற எல்லாப் படகிலும் கேட்கும். "பாப்பாவுக்கு ஜுரமா இருக்குதுங்க. சீக்கிரம் வந்துடுங்க" என்றாள்.

நான் பக்கத்தில் நின்று முறுக்கு தின்றுகொண்டிருந்தேன். எனக்கு ஏது ஜுரம் என்று வாயைத் திறப்பதற்குள் மாமா என் வாயைப் பொத்தினார். எனக்கு வந்த கோபம் கொஞ்சமல்ல.

விடிந்ததும் அப்பா வந்துவிட்டார். கூடையில் மீன் இல்லை. ஈரக் கையால் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

"எனக்கு ஜுரமே இல்லப்பா. அம்மா பொய் சொல்லிச்சு" என்று போட்டுக்கொடுத்தேன்.

வீடு இரண்டாகும் என்று காத்திருந்தேன். அப்பா சிரித்தார். அம்மா நிமிர்ந்து பார்க்காமல் சோறு போட்டாள். அவர் மறுசோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

நான் பொய் சொன்னால் முதுகில் விழும், அம்மாவுக்கு ஒரு திட்டுகூட இல்லையே என்று அன்று முழுக்கப் பொருமினேன். ஊரே கேட்கிற மைக்கில் ஒருத்தி தன் புருஷனிடம் கோபத்தை விட்டு வா என்று வேறு எப்படிச் சொல்வாள் என்பது எனக்கு அப்போது தெரியாது.