வெள்ளியா கறுப்பா, நாற்பது நாள்

தென்காசியில் ஒரு மூக்குக் கண்ணாடிக் கடையில் எனக்குப் பதினோரு வருட வேலை. பவர் பார்ப்பேன், பிரேம் எடுத்துக் கொடுப்பேன். வெள்ளி பிரேமா கறுப்பு பிரேமா என்ற கேள்வியோடு தினமும் பலர் என் எதிரில் வந்து உட்காருவார்கள். இரண்டையும் மாட்டிப் பார்த்து, முகத்தை இடமும் வலமும் திருப்பி, கூட வந்தவரிடம் "நல்லாருக்கா?" என்று கேட்டு, ஒன்றை வைத்துவிட்டு ஒன்றோடு போய்விடுவார்கள். கீழப்பாவூரிலிருந்து வந்த விவசாயி ஒருவர் அதற்குக்கூட மெனக்கெடவில்லை. "ஏதாவது ஒண்ணைத் தாங்கம்மா, எழுத்து தெரிஞ்சாப் போதும், பஸ்ஸுக்கு நேரமாவுது" என்றார். நிறம் தேர்ந்தெடுக்க ஒரு மனிதனுக்கு மிஞ்சிப் போனால் பத்து நிமிடம் ஆகும் என்றுதான் நம்பிக்கொண்டிருந்தேன். என்னைப் பெண் பார்க்க வந்த பெங்களூர்க்காரர் அந்த நம்பிக்கையைக் கெடுத்தார்.

ஆனி மாதம் இருபதாம் தேதி வாக்கில், பண்பொழி மலைக் கோயிலில் வைத்துப் பார்த்தார்கள். வீட்டுக்கு வந்து பார்த்துவிட்டு வேண்டாம் என்றால் தெருவுக்கே தெரிந்துவிடும். கோயில் என்றால் சாமி கும்பிடப் போனோம் என்று சொல்லிக்கொள்ளலாம். எனக்கு முப்பத்தொன்று, அவருக்கு முப்பத்தைந்து. சொந்த ஊர் தென்காசிதான். பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை, அப்போது இரண்டு மாதம் வீட்டிலிருந்தே பார்க்க வந்திருந்தார். பெரியவர்கள் ஒதுங்கி எங்களைப் பேசவிட்டபோது நான் கேட்டது ஒரே ஒரு கேள்வி.

எனக்கு அப்பா இல்லை, கூடப் பிறந்தவர்களும் இல்லை. ஆய்க்குடி வீட்டில் நானும் அம்மாவும் மட்டும். அம்மாவுக்குச் சர்க்கரை உண்டு. இரண்டு முறை குளியலறையில் மயங்கி விழுந்திருக்கிறாள். இதையெல்லாம் சொல்லிவிட்டு, "கல்யாணத்துக்கு அப்புறம் எங்கம்மாவும் நம்ம கூட பெங்களூர்ல இருக்கலாமா?" என்று கேட்டேன்.

"யோசிச்சுச் சொல்லுதேன்" என்றார்.

முடியாது என்று சொல்லியிருந்தால் மலை இறங்கும்போதே அவரை மறந்திருப்பேன். எடுத்த எடுப்பில் மறுக்காமல் யோசிக்கிறேன் என்கிறாரே, நல்ல மனிதர் என்று மனதுக்குள் அவருக்கு ஒரு மார்க் போட்டேன்.

ஆடி நெருங்கிவிட்டது, அதில் நல்ல காரியம் பேச மாட்டார்கள். ஆவணி பிறந்ததும் பூ வைத்துக்கொள்ளலாம், அதுவரை பிள்ளைகள் போனில் பேசிப் பழகட்டும் என்று முடிவானது. மறுநாள் காலையிலேயே அவரிடமிருந்து வாட்ஸப் வந்தது. இரண்டு கேமராப் படங்கள். கீழே ஒரே வரி: "சில்வரா, பிளாக்கா?"

அந்தக் கேமராவைப் பற்றிச் சொல்ல வேண்டும். உள்ளே முழுக்க இன்றைய டிஜிட்டல் சமாச்சாரம். வெளியே மட்டும் அந்தக் காலத்துப் பிலிம் கேமரா மாதிரி வேஷம். தலையில் திருகுச் சக்கரங்கள், இடுப்பில் தோல் மாதிரி ஒரு ஒட்டு. பிறந்த அன்றைக்கே கிழட்டு வேஷம் கட்டிய சாமான். இதில் மேல்பாகம் வெள்ளியாக ஒன்று, உடம்பு முழுக்கக் கறுப்பாக ஒன்று. எடுக்கும் படம் ஒன்றுதான், விலையும் ஒன்றுதான். அதனால் யோசிப்பதற்கு இதில் எதுவுமே இல்லை. எதுவுமே இல்லாத இடத்தில்தான் அவர் நாற்பது நாள் குடியிருந்தார்.

கறுப்பு என்று பதில் போட்டேன். சில்வர்தான் ஏன் சரி என்று நான்கு வாய்ஸ் மெசேஜ் வந்தது. சரி சில்வரே வாங்குங்கள் என்றேன். தெருவில் படம் எடுக்கும்போது சில்வர் எல்லார் கண்ணையும் இழுக்கும், கறுப்புதான் அடக்கம் என்று அதற்கு ஆறு மெசேஜ். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்களே, அது நான்தான். தென்காசித் தெருவில் பரணி கம்பெனி பஸ்ஸே ஆரன் அடித்தாலும் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. இவர் கையில் இருக்கும் டப்பாவைப் பார்க்க ஊர் கூடிவிடுமாம்.

"கறுப்பு தேயத் தேய உள்ள இருக்க பித்தளை தெரியும். அதுதான் அதுக்குக் கேரக்டர்" என்றார் ஒரு நாள்.

பூச்சு என் தொழில். எந்தப் பூச்சு வியர்வைக்கு உரியும், எது தேங்காயெண்ணெய்க்கு உரியும் என்று தினமும் பார்க்கிறவள். "இந்தக் கேமராவுல பித்தளை இருக்கா?" என்று கேட்டேன்.

"இல்ல, அது அந்தக் காலத்துக் கேமராவுல. இது வேற மெட்டல்."

"அப்ப தேஞ்சா என்ன தெரியும்?"

மறுநாள் சில்வருக்கு மாறியிருந்தார்.

ஸ்டேட்டஸில் வைத்து ஊரையே ஓட்டுப் போடச் சொன்னார். சில்வர் ஜெயித்தது. ஓட்டுப் போட்டவர்களுக்கு ரசனை இல்லை என்று அந்தத் தேர்தலை அவரே ரத்து செய்தார். நீலச் சட்டைக்குச் சில்வர் எடுப்பாக இருக்குமா என்று கேட்டுச் சட்டையைப் படம் எடுத்து அனுப்பினார். அரைத்த மாவையே அரைத்துக்கொண்டிருந்தார்.

நடு ஆடியில் அம்மாவுக்கு மறுபடி மயக்கம் வந்தது. ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து அவருக்குச் செய்தி அனுப்பினேன். "அச்சோ, டேக் கேர்" என்று வந்தது. கொஞ்ச நேரம் கழித்து ஒரு வீடியோ வந்தது. யாரோ ஒரு வெள்ளைக்காரர் இரண்டு நிறத்தையும் மேசையில் வைத்துக்கொண்டு இருபது நிமிடம் பேசுகிறார். அம்மாவுக்கு டிரிப் ஏறிக்கொண்டிருக்கிறது, நான் அந்த வீடியோவை முழுக்கப் பார்த்தேன். அவர்மேல் உள்ள ஏளனத்தில் பாதியை நான் எனக்கும் எடுத்து வைத்திருப்பது இதனால்தான்.

ஏன் பார்த்தேன் என்றால், எனக்கு ஒரு கணக்கு இருந்தது. ஒரு நிறத்துக்கே இவ்வளவு யோசிக்கிற மனிதர், ஒரு உயிரை வீட்டுக்குள் சேர்ப்பதற்கு எவ்வளவு யோசிப்பார்! அவசரப்படுத்தக் கூடாது, கேமரா முடிந்ததும் அம்மா விஷயத்துக்கு வருவார் என்று காத்திருந்தேன். இலவு காத்த கிளிக்காவது காய் கண்ணுக்குத் தெரிந்தது.

ஆடியின் கடைசி ஞாயிற்றுக்கிழமை, கேமரா வந்துவிட்டது, குற்றாலம் போவோம் என்று கூப்பிட்டார். துணைக்கு அவருடைய தங்கையும் அவள் பிள்ளைகளும் வந்தார்கள். ஐந்தருவியில் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது, நல்ல சாரல். தங்கை பிள்ளைகளைக் குளிக்கக் கூட்டிப் போனாள். அவர் கேமராப் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஒரு கடையின் தகரத்துக்கு அடியில் நின்றார்.

"படம் எடுக்கலையா?" என்றேன்.

"ஈரம் பட்டுரும்."

குற்றாலத்துக்குக் கேமராவைக் கொண்டுவந்து, குற்றாலம் ஈரமாக இருக்கிறது என்று கண்டுபிடித்தவரை நான் அன்றுதான் பார்த்தேன்.

பிள்ளைகள் குளித்து வரும்வரை பரோட்டாக் கடையில் உட்கார்ந்தோம். மேசையில் எண்ணெய்ப் பிசுக்கு. கைக்குட்டையை விரித்து, அதன்மேல் கேமராவை எடுத்து வைத்தார். கறுப்பு. கழுத்தில் மாட்டிக்கொண்டு தன்னுடைய போனை என்னிடம் நீட்டினார், படம் எடுக்கச் சொல்லி. கேமரா படத்தில் சரியாக விழும்வரை எட்டுப் படம் எடுத்தேன். எல்லாம் முடிந்ததும் கேமராவைக் கழற்றி மறுபடி கைக்குட்டைமேல் வைத்துவிட்டு, நாற்காலியில் சாய்ந்து, "அப்பாடா! நாப்பது நாளாத் தூக்கமே இல்ல. இனி நிம்மதி" என்றார்.

இதுதான் நேரம் என்று கேட்டேன். "அம்மா விஷயம் யோசிச்சியளா?"

"எந்த விஷயம்?"

மறுபடி முதலிலிருந்து சொன்னேன்.

"ஓ, அதுவா!" என்று சிரித்தார். "அதுல யோசிக்கதுக்கு என்ன இருக்கு? அன்னைக்கு மலையிலயே உங்கம்மா எங்கம்மாட்ட சொல்லிட்டாங்கள்லா, நான் எங்கயும் வரல, ஆய்க்குடியிலயே இருந்துக்கிடுதேன்னு. எங்கம்மா சரின்னுட்டாங்க. அது அன்னைக்கே முடிஞ்சிட்டு. உங்களுக்குத் தெரியும்னுல்லா நெனச்சேன்."

அவர் கொடுமைக்காரர் இல்லை. அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் கள்ளம் இல்லை, கூச்சமும் இல்லை. பரோட்டா வந்துவிட்டதா என்று பார்ப்பது போல உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டே சொன்னார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. திட்டியிருந்தால்கூடப் பதிலுக்குத் திட்டியிருப்பேன்.

எழுந்தேன். "இந்தச் சம்பந்தம் வேண்டாம்ங்க. உங்கம்மாட்ட நானே சொல்லிருதேன்" என்றேன்.

"என்ன, இப்படித் திடுதிப்புனு? கொஞ்சம் யோசிச்சு..."

"யோசிச்சாச்சு" என்று சொல்லிவிட்டுக் குடையை விரித்தேன். அவர் எழுந்து வந்திருக்கக்கூடும். கேமராவை மேசையில் விட்டுவிட்டு எப்படி வருவார்?

ஐந்தருவியிலிருந்து தென்காசி, தென்காசியிலிருந்து ஆய்க்குடி, இரண்டு பஸ்ஸிலும் எனக்கு அம்மாமேல்தான் கோபம். கேட்டது நான், நாற்பது நாள் காத்திருந்தது நான். எனக்குத் தெரியாமல் இவளை யார் பதில் சொல்லச் சொன்னது? வீட்டுக்குள் நுழைந்தபோது, சாரலில் காயாத துணிகளை அம்மா நாற்காலி நாற்காலியாக விரித்துப் போட்டுக்கொண்டிருந்தாள். செருப்பைக் கழற்றாமலேயே கத்தினேன். "நீ வரலைன்னு அவுக அம்மாட்ட எதுக்கும்மா சொன்ன?"

அம்மா ஒரு துண்டை எடுத்து உதறினாள். நடந்ததை எல்லாம் சொன்னேன். சம்பந்தம் வேண்டாம் என்று சொல்லிவிட்டதையும் சொன்னேன். திட்டுவாள் என்று நினைத்தேன், திட்டவில்லை.

"பொண்ணக் குடுக்கப் போற எடத்துல, நானும் வாரேன்னு எப்படிட்டி மூட்டையத் தூக்கிட்டு நிக்க முடியும்? நீங்களும் கூடப் போறியளான்னு அவுக அம்மா கேட்டாக, ஒரு பேச்சுக்குச் சொன்னேன், வரலைன்னு" என்றாள். "அதெப்படி ஒத்தையில இருப்பிய, நீங்களும் வாங்கன்னு சொல்லுவாகல்லா, அப்ப சரின்னு சொல்லிக்கிடலாம்னு இருந்தேன்."

துண்டை நாற்காலியின் முதுகில் போட்டு, சுருக்கத்தை நீவிவிட்டாள்.

"ரெண்டாந்தடவ கேக்கவே இல்லட்டி."