விரலில் சுற்றிய துண்டு

தொண்ணூறுகளில் பாளையங்கோட்டையில் ஆட்டோ எலக்ட்ரிக்கல் கடை வைத்திருந்தேன். கல்லிடைக்குறிச்சி ரைஸ்மில் முதலாளியின் பழைய அம்பாசிடர் மூன்றாம் முறையாக வந்து நின்றது. சில நாள் காலையில் செல்ஃப் எடுக்காது, மில் ஆட்கள் தள்ளினால்தான் கிளம்பும். என் கடைக்கு வந்தால் மட்டும் சாவியைத் தொட்டதும் கிளம்பும். முதல் முறை புது பேட்டரி போட்டேன். இரண்டாம் முறை செல்ஃப் மோட்டாரைக் கழற்றி கார்பன் பிரஷ் மாற்றினேன். மூன்றாம் முறை, வண்டியில் ஒரு குறையும் இல்லை என்று மார்தட்டிச் சொல்லி அனுப்பினேன்.

அந்த வாய்ச்சவடால் டிரைவர் செல்லையாவின் தலையில் விடிந்தது. வண்டியில் குறை இல்லையென்றால் டிரைவரிடம்தான் குறை என்று முதலாளி முடிவு கட்டிவிட்டார். “ராத்திரி ஷெட்டுக்குள்ள உக்காந்து பாட்டுக் கேட்டு பேட்டரிய இறக்குதான் வே. சனிக்கிழமையிலருந்து அவன நிப்பாட்டிருதேன்” என்றார் போனில். செல்லையா அந்த வீட்டு வண்டியைப் பதினோரு வருஷமாக ஓட்டியவர்.

நான் வரும்வரை வண்டியை யாரும் தொடக்கூடாது என்று முதலாளியிடம் கேட்டுக்கொண்டு, வெள்ளிக்கிழமை முதல் பஸ்ஸில் போனேன். ஷெட் வாய்க்கால் ஓரம். பானெட் எல்லாம் ஈரம். முதலாளி வேப்பங்குச்சியோடு வந்து நின்றார்.

செல்லையா சாவியைத் திருப்பினார். ‘டக்’ என்றதோடு சரி. ஹெட்லைட்டைப் போட்டுக்கொண்டு திருப்பச் சொன்னேன். லைட் கொஞ்சமும் மங்கவில்லை. பேட்டரி இறங்கவில்லை என்று முதலாளிக்குக் காட்டினேன். அவர் குச்சியை மென்றுகொண்டே லைட்டைக் குனிந்து பார்த்தார். இன்னொரு தடவை போடச் சொன்னேன். செல்லையா துண்டை விரலில் சுற்றிக்கொண்டு, குளிர்ந்த இன்ஜினைக் கிளப்ப டேஷ்போர்டில் இழுக்கிற சோக் குமிழை இழுத்துப் பிடித்தார்.

“துண்டு எதுக்கு?” என்றேன்.

“சுடும் அண்ணாச்சி.”

இரவெல்லாம் குளிர்ந்து கிடந்த வண்டியில் சோக் எப்படிச் சுடும்? தொட்டேன், வெடுக்கென்று கையை எடுத்தேன். அப்போதுதான் எனக்குப் புத்தி வந்தது. செல்ஃப் மோட்டாருக்குப் போகிற கரண்ட் இன்ஜினிலிருந்து பாடிக்குத் திரும்ப, எர்த் பட்டை என்று தடித்த செம்புப் பின்னல் ஒன்று உண்டு. அந்த வழி அடைபட்டால் கரண்ட் கிடைத்த வழியில் போகும். இங்கே மெலிந்த சோக் கேபிள் வழியாகப் போய் அதைச் சூடாக்கிக்கொண்டிருந்தது.

எப்போதிருந்து சுடுகிறது என்று கேட்டேன்.

“முதலாளி வீட்டுப் பாப்பா கல்யாணத்துக்கு வண்டிக்குப் பெயிண்ட் அடிச்சோம்லா, அதுலருந்துதான். இதப் போயி என்னத்தச் சொல்லன்னு விட்டுட்டேன்.”

வண்டிக்கு அடியில் படுத்துப் பட்டையைக் கழற்றினேன். போல்ட் உட்காரும் இடத்தில் கறுப்புப் பெயிண்ட் பளபளத்தது. ஓர் இடம் விடாமல் அடிக்கச் சொன்னது முதலாளியேதான். ஈரக் காலைகளில் தொடர்பு விட்டுப்போகும், ரோட்டில் குலுங்கி வந்தால் ஒட்டிக்கொள்ளும். என் கடையில் அது நல்ல பிள்ளையாக இருந்ததன் ரகசியம் இதுதான்.

உப்புத்தாளால் இரும்பு தெரியத் தேய்த்து, பட்டையை முறுக்கினேன். செல்லையா சாவியைத் திருப்பினார். ஒரே திருப்பில் இன்ஜின் பிடித்தது. அணைத்து அணைத்துப் பத்துத் தடவை போடச் சொன்னேன். பத்துத் தடவையும் பிடித்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. கிரீஸ் கையோடு செல்லையாவைக் கட்டிப்பிடித்துவிட்டேன்.

முதலாளி குச்சியைத் துப்பினார். “செல்லையா, இவர கடையிலயே எறக்கி விட்டுட்டு வா. நாளைக்கு அம்பை போணும், காலையில ஏழு மணிக்கு வந்துரு” என்றார். மறுநாள் சனிக்கிழமை.

புதிதாகத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். மூன்று முறையும் செல்லையா என் கடை வாசலில்தான் நின்றார், நான் அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கரண்ட் பார்க்கிற மீட்டரை எடுக்கும் முன் வண்டியில் தினமும் கை வைக்கிறவரிடம் கேளுங்கள். குறை பிடிபடவில்லையா, பிடிபடவில்லை என்றே சொல்லுங்கள். குறையே இல்லை என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அந்தப் பழி வேறு யார் மேலாவது போய் விழும்.