ஏழாம் நம்பர் ஏன் மல்லாந்திருக்கிறது?

மெட்ராஸுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஜி.என்.டி. ரோட்டில் வடக்கே நடந்துகொண்டிருந்தேன். கோல்ஃப் மைதானத்தில் பை தூக்கும் வேலையை விட்டாயிற்று. ஆடுகிறவர்கள் புதரில் அடித்த பந்துக்கெல்லாம் நான் திட்டு வாங்கினால் எப்படி? எழுபதுகளின் நடுவில் வேலையை விடுவது எனக்குச் சட்டை மாற்றுவது மாதிரி. சட்டைதான் ஒன்றே ஒன்று...

‘நீங்கள் வேலையில் சேர்ந்த கதையை எப்போது எழுதுவீர்கள்?’ என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். பொறுங்கள், வருகிறது.

கவரைப்பேட்டை தாண்டி ஒரு பட்டறை. லாரியைத் தாங்கும் வில்பட்டைகளை அடித்து வளைக்கிற இடம். தண்ணீர் கேட்க ஒதுங்கினால்... வைஸ் பிடிப்பானில் ஒரு கோல்ஃப் மட்டை! இரும்புத் தலை வைத்த ‘அயர்ன்’. பட்டறைக்காரர் கோபால், என் வயதுதான், அதன் கழுத்தில் குழாயை மாட்டி அழுத்தப் போனார். துருத்திச் சக்கரம் சுற்றுகிற அவர் மனைவி கனகா, நிறைமாத வயிற்றோடு.

“அண்ணாத்தே, நிறுத்து! இன்னா செய்றே?”

“கண்ணு தெர்ல? பேக்டரி மேனேஜர் பையோட குட்த்தாரு. அஞ்சாம் நம்பர் வளைஞ்சிடுச்சு, நிமித்துன்னாரு. பாத்தா எல்லாமே கோணிக்கினு கீது! அஞ்சையும் ஆறையும் நாலு மாதிரியே நேராக்கிட்டேன். இது ஏழு.” பெருமை வேறு!

அது கோணல் இல்லை. மட்டையின் மூளையே அதுதான். நம்பர் ஏற ஏறத் தண்டு குட்டையாகும், பந்தில் படுகிற முகம் மல்லாந்துகொண்டே போகும். மூன்றாம் நம்பர் பந்தைத் தாழ விரட்டும். ஒன்பதாம் நம்பர் தென்னை உயரத்துக்குத் தூக்கி, கிட்டத்திலேயே பொத்தென்று போடும். அடிப்பவன் வீச்சு ஒன்றேதான் — தூரத்தை மட்டை பார்த்துக்கொள்ளும். என்ன மூளை ஐயா, இதை யோசித்தவனுக்கு!

“கதை உடாதே வாத்தியாரே. நீ இன்னா என்ஜினீயரா?”

“ஆறாங்கிளாஸ் பெயில். உன் தொழிலையே பாரேன். லாரிப் பட்டை எல்லாத்துக்கும் ஒரே வளைவா வெக்கிறே?”

“அதெப்டி? குட்டைக்கு வளைவு ஜாஸ்தி வெச்சாத்தானே...” பாதியில் நிறுத்தினார். தண்டுகளைப் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது.

“தொடாதேன்னேனா இல்லியா?” கனகா பிடித்துக்கொண்டாள். “இத்த ஒழுங்கா செஞ்சா பேக்டரி வேலை மொத்தமும் நமக்குத்தான்னியே. காலைல அந்தாளு வந்து பாத்தா, இருக்கறதும் பூடும்!”

நல்லவேளை, நாலும் ஏழும் தப்பியிருந்தன. அவற்றுக்கு நடுவே, படி இறங்குகிற மாதிரி, ஐந்தும் ஆறும் நிற்கவேண்டும். காய்ச்சினால் பளபளப்பு போய்விடும். பச்சை இரும்பாகவே வளைக்கவேண்டும். நான் பிடித்துக்கொள்ள, அவர் கொஞ்சம் அழுத்துவார், எடுப்பார், சுவரில் வரிசையாகச் சாய்த்து ஒற்றைக்கண்ணால் பார்ப்பார், மறுபடி வைஸ். லாரியைத் தாங்கும் இரும்போடு மல்லுக்கட்டிய கை அது. அன்றைக்குப் பூத்தொடுப்பது போல வேலை செய்தது.

நடுவில் மூன்றையும் ஒன்பதையும் எடுத்துச் சும்மா வீசிப் பார்த்தார். “இன்னாப்பா இது... நீளம் வேற வேற, கைக்கு ஒரே கனமா கீது!”

“குட்டைக்குத் தலைக்கனம் ஜாஸ்தி. அதான் சரிக்கட்டுது.”

“கில்லாடிப்பா இத்த செஞ்சவன்!”

வெயில் தாழ்ந்ததும் வறண்ட ஏரிக்குள் இறங்கினோம். பையில் பந்துகள் இருந்தன. நான் ஏழால் அடித்தது கிட்டே விழுந்தது. ஆறு அதைத் தாண்டியது. ஐந்து ஆறையும் தாண்டியது. கோபால் அப்படியே ஏரியில் உட்கார்ந்துவிட்டார்.

காலையில் மேனேஜர் வந்தார். ஐந்தை வீசினார், தலையாட்டினார். ஆறை எடுத்தவர் புருவத்தை உயர்த்தினார். “இது முன்னைவிட நல்லாருக்கே?”

“அத்தையும் கூடவே கொஞ்சம் பாத்தோம் சார்,” என்றார் கோபால். கனகா புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள்.

“நாளையிலேர்ந்து பேக்டரி வேலையை அனுப்பறேன்.” என் பக்கம் திரும்பினார். “ஞாயித்துக்கிழமை பை தூக்க வர்றியா?”

நான் வாயைத் திறப்பதற்குள் கனகா துருத்திக் கைப்பிடியைக் காட்டினாள்.

“நாஷ்டா துன்னுட்டு இத்தப் புடி. இதுக்கு நம்பர்லாம் கெடையாது — சுத்துனா நெருப்பு, நின்னா திட்டு!”