தீர்வு செய்யப்பட்டது

இரண்டு வருடங்களுக்கு முன், தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கும்போது நடந்தது இது. காவிரிக்கரை ஊர் ஒன்றின் நகராட்சி அலுவலகத்தில் எனக்கு வேலை. வரிப் பிரிவிலிருந்து புகார் பிரிவுக்கு மாற்றி இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது.

அப்போது எனக்கு ஒரு பைத்தியம் இருந்தது. நகராட்சி அரசியலை வைத்து எடுத்த ஒரு நகைச்சுவைத் தொடர். ஞாயிறு மதியம், ஊரே சாப்பிட்டுத் தூங்கும் நேரத்தில் போட்டால் யார் பார்ப்பார்கள்? ஒரே தண்ணீர்த் தொட்டியைத் தலைவர் மூன்று தடவை திறந்து வைப்பார். வெளிநடப்பு செய்த கவுன்சிலர்கள், வடை வந்துவிட்டது என்றதும் உள்நடப்பு செய்வார்கள். எழுதியவர் எங்கள் அலுவலக பீரோவுக்குப் பின்னால் ஒளிந்திருந்து எழுதினாரோ என்று தோன்றும். "ஆபீஸ்ல பாக்குறது போதாதா உனக்கு?" என்று என் கணவர் சேனலை மாற்றிவிடுவார். அவர் ரசனை அவ்வளவுதான்.

சேர்ந்து சிரிக்க எனக்குக் கிடைத்த ஒரே ஆள், அடுத்த தெருவில் தையல் கடை வைத்திருந்த அக்கா. அந்த ஞாயிறு அவர் காலில் மாவுக்கட்டோடு வீட்டில் படுத்திருந்தார். மழையில் விழுந்துவிட்டார் என்று மட்டும் கேள்விப்பட்டிருந்தேன். வருடம் முழுக்க அவர் நம்பியிருப்பது தீபாவளித் தையலைத்தான். மிஷினை மிதிக்க முடியாததால், கொடுத்தவர்கள் ஒவ்வொருவராக வந்து துணியைத் திரும்ப வாங்கிப் போய்க்கொண்டிருந்தார்கள். கொஞ்சம் சிரிக்க வைக்கலாம் என்று, புது எபிசோடைப் போனில் எடுத்துக்கொண்டு போனேன்.

அதில் ஓர் ஆள் பள்ளத்துக்குள் விழுந்து கத்திக்கொண்டிருப்பார். அவர் சட்டைப்பையில் போன் ஒலிக்கும். 'தங்கள் புகார் தீர்வு செய்யப்பட்டது.' கண்ணில் நீர் வரும்வரை சிரித்தேன். அக்காவும் சிரித்தார். பிறகு தலையணைக்கு அடியிலிருந்து தன் போனை எடுத்து நீட்டினார்.

"எனக்கும் இதே மெசேஜ்தாம்மா வந்துச்சு. கடை வாசல்ல சாக்கடை மூடி உடைஞ்சு கெடக்குன்னு போட்டிருந்தேன். தங்கச்சி வீட்டுக்குப் போயிருந்தப்ப, தீர்வு செஞ்சாச்சுன்னு வந்துச்சு. மறுநாள் வந்து, மூடி போட்டுட்டாங்கன்னு நம்பி, தேங்குன தண்ணில காலை வச்சேன்."

தேதியைப் பார்த்தேன். மாதக் கடைசி.

முடியாத புகார்கள் எங்கள் கணினியில் சிவப்பாக நிற்கும். சிவப்பு இருந்தால் கூட்டத்தில் பேச்சு வாங்க வேண்டும். அதனால் மாதக் கடைசியில் எல்லாவற்றையும் 'தீர்வு' என்று மாற்றிவிட்டு, வேலையைப் பிறகு பார்ப்பது வழக்கம். பச்சையாக்குவது என்போம். அந்த மாதம் பச்சையாக்கியது நான்தான். டீ ஆறுவதற்குள், முகவரியைக்கூடப் படிக்காமல்.

சொல்லாமலே எழுந்து வந்துவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். முடியவில்லை. "அக்கா, அந்த மெசேஜை அனுப்புனது நான்தான்" என்றேன்.

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் கட்டுப் போட்ட காலைக் கொஞ்சம் நகர்த்தி வைத்துக்கொண்டார். பிறகு, "இப்பவாவது மூடி போட்டாச்சா?" என்று கேட்டார்.

எனக்கு அதுகூடத் தெரியாது. என் போனில் எபிசோட் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. அதை நிறுத்திவிட்டு எழுந்தேன்.

மழையோடு மழையாகப் போய்ப் பார்த்தேன். மூடி இல்லை. யாரோ ஒரு கொம்பை நட்டு, சிவப்புத் துணி கட்டியிருந்தார்கள். அக்கா கடையின் வெட்டுத் துணிதான். மறுநாள் ஆட்களைக் கூட்டி வந்து, சிலாப் போடும்வரை அங்கேயே நின்றேன். அக்காவின் கால் எலும்பு கூடியது. அந்தத் தீபாவளியை மட்டும் என்னால் திருப்பிக் கொடுக்க முடியவில்லை.

தொடரைப் பாதியில் நிறுத்திவிட்டார்கள். அதில் வந்த எல்லோரையும் எங்கள் அலுவலகத்தில் அடையாளம் கண்டிருந்தேன், என்னைத் தவிர. இப்போது மாதக் கடைசியில் என் திரையில் நாலைந்து சிவப்பு நிற்கிறது, பேச்சும் வாங்குகிறேன். ஆனால் நேரில் போய்ப் பார்க்காமல் அந்த வார்த்தையைத் தட்ட என் விரல் எழுவதில்லை.