கூப்பாடு இல்லாத ஆள்

அடைக்கலமேரியை நேரில் பார்த்தவர்களைவிடக் காதால் கேட்டவர்கள்தான் கோடைக்கானலில் அதிகம். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர். எண்பதுகளின் தொடக்கத்தில் அந்த ஊரில் யார் யாரோடு பேச வேண்டுமென்றாலும் இவள் வயரை எடுத்துப் போர்டில் செருகினால்தான் உண்டு. ஓட்டல் முதலாளியா, பாதிரியாரா, எல்லாருக்கும் ஒரே குரல்தான்: "நம்பர் ப்ளீஸ்." வீட்டில் என்ன இடி விழுந்திருந்தாலும் அந்தக் குரல் கம்மாது.

இடி விழத்தான் செய்தது. புருஷன் ஜெபதுரை, மூணாறு பக்கம் லாரி கொண்டுபோனவன், அங்கேயே ஒருத்தியோடு தங்கிவிட்டான். மகள் பிலோமிக்கு அப்போது நாலு வயது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வெளியே வந்தால் பெண்கள் கையைப் பிடித்துக்கொண்டு "ஐயோ பாவம் மேரி" என்பார்கள். அந்த ஐயோ பாவம் இருக்கிறதே, அதற்குப் பதில் செருப்பால் இரண்டு சாத்தியிருக்கலாம். மேரி கையை உருவிக்கொண்டு விறுவிறுவென்று நடந்துவிடுவாள்.

ஊரை ஒட்டிய செண்பகனூரில் அவள் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி அலாவுதீன் பாயின் மளிகைக் கடை. பாயின் மனைவி சர்புன்னிசா ஒருநாள் நல்ல மனதோடுதான் கேட்டாள்: "பள்ளிக்கூடம் விட்டதும் புள்ள எங்க வீட்ல இருக்கட்டுமே மேரி. நீ வேலை முடிஞ்சு வந்து கூட்டிக்க." மேரி வெடுக்கென்று சொல்லிவிட்டாள்: "எங்களுக்கு யாரு தயவும் வேணாங்க. நாங்க பாத்துக்குவோம்." சர்புன்னிசா முகம் சுண்டிப்போனது. அதற்குப் பிறகு இரண்டு பேரும் பாதையில் எதிர்ப்பட்டால் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு போனார்கள். வீம்புக்கு மருந்து எந்தக் கடையில் விற்கிறது, சொல்லுங்கள்?

இந்த மேரிக்கு ஒரே ஒரு விளையாட்டு இருந்தது. அது லைனில் நடக்கும் விளையாட்டு.

மலைமேல் இருக்கிற வெள்ளைக்காரப் பள்ளிக்கூடத்து மாணவன் ஒருவன் ஒருமுறை அமெரிக்காவுக்கு டிரங்க் கால் போட்டுவிட்டு, லைன் கிடைக்காமல் நாள் முழுக்க எக்ஸ்சேஞ்சில் உட்கார்ந்திருந்தான். பொழுது போகாமல் அவன் சொல்லிக்கொடுத்தது. ஆளுக்கொரு வேஷம் மனதில் எடுத்துக்கொள்ள வேண்டும். வேட்டைக்காரன், வைத்தியச்சி, மந்திரவாதி என்று எதுவாகவும் இருக்கலாம். எல்லாரும் சேர்ந்து ஒரு காட்டுக்குள் போக வேண்டும். என்ன நடக்கிறது என்று ஒருவர் கதை சொல்ல, மற்றவர்கள் தங்கள் ஆள் என்ன செய்யும் என்று சொல்ல வேண்டும். ஜெயிப்பதும் தோற்பதும் பகடையில் இருக்கிறது.

மேரி இதை வத்தலக்குண்டு ஆபரேட்டர் இராமலிங்கத்துக்கும் பழனி ஆபரேட்டர் விசாலாட்சிக்கும் சொன்னாள். மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததே கிடையாது. பெயர் சொல்லியும் கூப்பிட மாட்டார்கள், கோடை, வத்தலக்குண்டு, பழனி என்று ஊர் பெயர்தான். கூட்டமில்லாத மத்தியானங்களில் லைனைச் சேர்த்துப் போட்டுக்கொண்டு ஆட்டம் நடக்கும். பகடைக்கு எங்கே போவது? அடுத்து யார் கூப்பிட்டாலும் அவர்கள் கேட்கிற நம்பரின் கடைசி எண்தான் பகடை. ஆயக்குடிக் கொய்யா வியாபாரி திண்டுக்கல் மண்டிக்குப் போட்ட போன் காலால் விசாலாட்சியின் மந்திரவாதி பாம்பு கடித்துச் செத்த கதையெல்லாம் உண்டு. பாவம், அந்த வியாபாரிக்கு என்ன தெரியும்?

கதை சொல்லி இராமலிங்கம். ஆட்டம் தொடங்கும்போதே ஒரு சட்டம் வைத்தார். ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு வித்தைதான் தெரியும். அதனால் ஆளுக்கு மூன்று கூப்பாடு. மாட்டிக்கொண்டால் கூப்பிடலாம், மற்றவர்கள் ஓடி வந்தே ஆக வேண்டும்.

"எனக்குக் கூப்பாடு வேணாம்," என்றாள் மேரி. "அதுக்குப் பதிலா மூணு வித்தை கூடக் குடுங்க. என் ஆளுக்கு வேட்டையும் தெரியணும், வைத்தியமும் தெரியணும், வழியும் தெரியணும், தீயும் மூட்டத் தெரியணும்."

"கோடை, நல்லா ரோசன பண்ணிக்கங்க. ஒருக்க வித்தா வித்ததுதான்."

"வித்தாச்சு," என்றாள் மேரி.

வீட்டில் பிலோமிக்கும் இந்தக் கதையைச் சொல்லித்தான் சோறு ஊட்டுவாள். "நானும் உங்க ஆளு மாதிரிதாம்மா. எனக்கும் கூப்பாடு வேணாம்," என்று பிலோமி சொல்லும். மேரிக்கு அப்படியொரு பெருமை. கட்டிப்பிடித்து முத்தம் கொடுப்பாள். ஏழு வயதில் அந்தக் குழந்தை தானே சடை பின்னும், தானே சோறு போட்டுத் தின்னும், அம்மா வரும்வரை தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டு தனியாக இருக்கும். அதற்கு இழுப்பு நோய் வேறு. பனி அதிகமானால் நெஞ்சு விசில் அடிக்கும்.

அந்த வருஷம் கார்த்திகையில் மழை ஊற்றோ ஊற்றென்று ஊற்றியது. காலையிலேயே பிலோமிக்கு இழுப்பு லேசாகத் தொடங்கிவிட்டது. மேரி மாத்திரை கொடுத்து, பிளாஸ்கில் வெந்நீர் வைத்து, போர்வையைச் சுற்றிவிட்டாள். "தாப்பா போட்டுக்க. யாரு தட்டினாலும் தொறக்கக் கூடாது. சாயந்தரம் வெரசா வந்துருவேன்." பிலோமி தலையாட்டியது.

வெரசாவாவது ஒன்றாவது! பெருமாள்மலைக்குக் கீழே மண் சரிந்து ரோடு போய்விட்டது. அடுத்த ஷிப்டுக்கு வர வேண்டிய மரியசெல்வம் சரிவுக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டார். கூட இருந்தவள் பிரசவ லீவில். லைன்மேன்கள் எல்லாரும் அறுந்த கம்பியைத் தேடிப் போயிருந்தார்கள். கீழே போகிற லைனில் வத்தலக்குண்டு ஒன்றுதான் உயிரோடு இருந்தது. சரிவில் மாட்டிய பஸ், ஆஸ்பத்திரி, போலீஸ் எல்லாம் அந்த ஒரு போர்டில், அந்த ஒருத்தி கையில். எழுந்து போனால் மலையே ஊமையாகிவிடும்.

மூன்று மணி ஆனது, நாலு மணி ஆனது. கண் முன்னால் பிலோமியின் நெஞ்சு மேலும் கீழும் போய்வந்தது. பாய் கடை நம்பர் போர்டில் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது. வயரை எடுத்தாள், வைத்தாள். மறுபடி எடுத்தாள். எந்த முகத்தை வைத்துக்கொண்டு கேட்பது? அன்றைக்கு அவ்வளவு பேசிவிட்டு இன்றைக்கு எப்படிக் கேட்பது? "பிலோமி கெட்டிக்காரி, சமாளிச்சுக்கும்," என்று தனக்குத்தானே சொன்னாள். சொன்னதை அவள் நம்பவில்லை.

இருட்டத் தொடங்கும் நேரம். லைனைச் சோதிக்க இராமலிங்கம் வந்தார். பழனியும் அவர் வழியாகச் சேர்ந்திருந்தது. மேரிக்கு அடக்க முடியவில்லை. "வத்தலக்குண்டு... என்னால தனியா முடியல. யாராச்சும் வாங்களேன்."

முந்தின நாள் ஆட்டத்தில் அவள் ஆள் வெள்ளத்துக்கு நடுவே ஒரு குகையில், காய்ச்சலோடு மாட்டியிருந்தது. இராமலிங்கம் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "ஆகா! மூணு கூப்பாட்டையும் வித்துத் தின்னுட்டு இப்பக் கூப்பிட்டா எப்படி கோடை? யாரும் வர முடியாது. சட்டம் சட்டந்தேன்."

ஹெட்செட்டில் ஒரு விம்மல் மட்டும் கேட்டது.

"ஏங்க, வாய மூடுங்க," என்று பழனி சீறியது. "அது ஆட்டம் இல்ல, மேரி நெசமா அழுகுது. மேரி, என்னம்மா? புள்ளைக்கா?" முதல் தடவையாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள் விசாலாட்சி. மேரி எல்லாவற்றையும் கொட்டினாள். "பக்கத்துல போன் இருக்கா? இருக்கில்ல? அப்பறம் என்ன எழவுக்குடி எங்ககிட்டச் சொல்லிட்டு இருக்க? வயரச் செருகு!"

செருகினாள். அலாவுதீன் பாய் முழுதாகக் கேட்கக்கூட இல்லை. ரிசீவரைக் கல்லாமேல் போட்டுவிட்டு ஓடினார். கடைக்குள் மழைச் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. போர்டில் வேறு விளக்குகள் எரிந்தன. "நம்பர் ப்ளீஸ்," என்றாள் மேரி. "நம்பர் ப்ளீஸ்." கன்னத்தில் கண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது.

பாய் மூச்சிரைக்கத் திரும்பி வந்தார். "மேரியம்மா, புள்ள தொறக்க மாட்டேங்குது. மொதல்ல, 'அம்மா யாருக்கும் தொறக்கக் கூடாதுன்னு சொல்லிருக்கு'ன்னுச்சு. இப்பச் சத்தமே இல்ல."

"ஒடைங்க பாய்! கதவ ஒடைங்க! உங்களக் கும்பிடுறேன்!"

அடுத்து வந்த நேரம் எவ்வளவு என்று மேரிக்குத் தெரியாது. அவள் வாய் நம்பர் கேட்டது, கை வயர் மாற்றியது. உயிர் மட்டும் அந்தக் கதவுக்கு முன்னால் நின்றது. கடைசியில் சர்புன்னிசா லைனில் வந்தாள். "உசுரு இருக்கு மேரி. உதடெல்லாம் நீலம் பாஞ்சு கெடந்துச்சு. பால் வேன்ல பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போறோம்."

மரியசெல்வம் சேற்றில் நடந்தே சரிவைத் தாண்டி வந்து ஹெட்செட்டை வாங்கிக்கொண்டபின் மேரி ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். பிலோமி மூக்கில் குழாயோடு படுத்திருந்தது. காலடியில் சர்புன்னிசா அதன் பாதத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். ஈரத் தலையோடு வந்து நின்ற அம்மாவைப் பார்த்ததும் குழந்தையின் முகம் மலர்ந்தது. மார்க் அட்டை காட்டுவதுபோல் ஒரு பெருமை அதில். பக்கத்தில் வரச்சொல்லிச் சைகை காட்டி, மூச்சு வாங்க வாங்கச் சொன்னது:

"நான் யாரையும் கூப்பிடலம்மா. ரொம்ப வலிச்சுச்சு. அப்பக்கூடக் கூப்பிடவே இல்ல."

மேரி முத்தம் கொடுக்கக் குனிந்தாள். கால் மடங்கியது. கட்டில் கம்பி கைக்கு அகப்படவில்லை.

"சர்பு," என்றாள், "என்னையக் கொஞ்சம் புடிச்சுக்கோயேன்."