மூடி திறக்காத போத்தல்

குமுதா அக்காவுக்கு அறுபத்தொரு வயது. மாக் மண்டின் தொழிற்பேட்டையில் ஒரு தொழிற்சாலையில் முப்பது வருடம் வேலை பார்த்தவர். டத்தோ கிராமாட் அடுக்குமாடியில் எனக்கு அடுத்த வீடு. பிடிவாதத்தில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

அவர் கணவர் ஜெயராஜ் அண்ணன் லாரி ஓட்டினார். தினமும் மாலை ஏழு மணிக்கு ஒரு போத்தல் ஸ்டவுட், அவ்வளவுதான். அடிதடி கிடையாது, சத்தம் கிடையாது. ஆனாலும் அக்கா அந்தக் கறுப்பு பீரை வீட்டுக்குள் விட்டதே இல்லை. பாவம், மனிதர் மாடிப்படியில் உட்கார்ந்து குடித்து, வாய் கொப்பளித்துவிட்டு உள்ளே போவார். பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

நான்கு வருடத்துக்கு முன் அண்ணனுக்கு வயிற்றில் புற்றுநோய். இனி வழியில்லை என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். "ஒரே ஒரு வாய் ஸ்டவுட் குடு குமுதா" என்று கேட்டிருக்கிறார். "செத்தாலும் என் கையால தர மாட்டேன்" என்றாராம் அக்கா. மறுநாளே அண்ணன் போய்விட்டார்.

கருமாதி முடிந்த மறுநாளிலிருந்து, ஏழு மணியானால் அடுப்படியில் ஸ்டவுட் வாசம் வருகிறது என்றார் அக்கா. வறுத்த பார்லியும் கருகிய சீனியும் கலந்த வாசம். "உனக்கு மனசு சரியில்லக்கா, கிளினிக்குக்குப் போ லா" என்று கத்தினேன். ஒருநாள் அந்த வாசம் எனக்கும் அடித்தது. அதன்பிறகு அந்த நேரத்தில் நான் அங்கே போவதில்லை.

"கேட்டு வர்றாருடி காமினி" என்பார் அக்கா. "நான் குடுக்கல, அதான் அலையிறாரு. அவரு மனசு ஆறாம நான் எப்படிக் கண்ண மூடுவேன்?"

தீபாவளிக்கு முதல் நாள், இறந்தவர்களுக்குப் பிடித்ததை எல்லாம் படைப்போம். மூன்று வருடம் மீன் வறுவல் வைத்தார், சிகரெட் வைத்தார், ஸ்டவுட் மட்டும் வைக்கவில்லை. "கேட்டத வெக்காம என்னத்தக்கா படையல்?" என்று போன தீபாவளிக்கு நான் எகிறிவிட்டேன். அக்காவே சீனக் கடைக்குப் போய் ஒரு போத்தல் வாங்கி வந்தார்.

இலை போட்டு, விளக்கேற்றி, கதவைச் சாத்திவிட்டு வெளியே நின்றோம். உள்ளே அவர் சாப்பிடும் நேரம். கால் மணி கழித்து அக்கா மூன்று முறை கதவைத் தட்டினார். நுழைந்ததும் பார்க்கிறேன், போத்தலில் மூடி அப்படியே இருக்கிறது! வாழ்நாளில் அதைத் தொடாத மனுஷிக்கு என்ன தெரியும்?

"ஐயோ அக்கா, மூடியத் தொறக்காம வெச்சா அண்ணே எப்படிக் குடிப்பாரு?"

என் நாக்கில் சூடு போட வேண்டும். அக்கா தலையில் அடித்துக்கொண்டார். "மறுபடியும் காட்டிட்டு குடுக்காம விட்டுட்டேனே!"

கரண்டிக் காம்பால் நெம்பித் திறந்தேன். அக்கா தன் கையாலேயே டம்ளரில் ஊற்றி வைத்தார். மறுபடியும் கதவைச் சாத்தினோம், நின்றோம், தட்டினோம்.

படைத்ததை அந்த வீட்டு ஆள்தான் முதலில் வாயில் வைக்க வேண்டும். அக்கா மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு மிடறு குடித்தார். பிறகு மூக்கிலிருந்து கையை எடுத்துவிட்டு, மெதுவாக இன்னொரு மிடறு. முகம் வெளுத்துவிட்டது.

"இது எனக்குத் தெரியும்டி."

கல்யாணமான இரண்டாம் வருடம் அக்காவுக்கு ஆறு மாதக் கரு கலைந்து, படுத்த படுக்கையாகிவிட்டாராம். அண்ணன் நாற்பது நாள், லாரியை நிறுத்தியதும் ஓடி வந்து, முட்டையின் மஞ்சள் கரு அடித்துக் கலந்த ஒரு டம்ளர் மருந்து கொடுப்பாராம். சீன வைத்தியர் கொடுத்தது என்று சொன்னாராம்.

"கெட்டியா, கசப்பா, அடி நாக்குல இனிப்பா... இதேதான். ஸ்டவுட்டுன்னு சொன்னா நான் துப்பிருவேன்னு மறைச்சிருக்காரு. நாப்பது நாள் ஊட்டி விட்டாருடி. நான் ஒரு வாய் குடுக்கல." அக்கா அழுத அழுகையை என்னால் தாங்க முடியவில்லை.

மறுநாள் ஏழு மணிக்கு வாசம் வரவில்லை. ஒரு வாரம் பார்த்தோம், வரவே இல்லை. எனக்கு நிம்மதி. "அண்ணே மனசு ஆறிப் போயிட்டாருக்கா. இனிமே நல்லாத் தூங்கு" என்றேன்.

அக்கா என்மேல் சீறி விழுந்தார்.

"நாலு வருசம் தினம் வந்தாரு, போ போன்னு கும்பிட்டேன். இப்பதான்டி எனக்கு அவருகிட்ட பேசணும். இப்பப் போயி போயிட்டாரே!"