புதன், பெல்ட், ஏழு அடி

அத்தான் அக்காவை எதைக் கொண்டு அடிக்கிறான் என்பதைச் சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவேன். கைக்கு ஒரு சத்தம், பெல்ட்டுக்கு ஒரு சத்தம், தலை சுவரில் மோதினால் வேறு சத்தம். அவனுக்கு மரியாதை கொடுத்து எழுத எனக்கு இன்றும் மனம் வரவில்லை.

எனக்குப் பிறவியிலேயே பார்வை கிடையாது. விளாத்திகுளத்திலிருந்து தூத்துக்குடிக் கல்லூரிக்குப் படிக்க வந்து அக்கா வீட்டில் தங்கியிருந்தேன். அத்தானுக்குத் துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் வேலை. ஷிப்ட் முடிந்து வந்து சோற்றில் கை வைத்ததும் ஏதாவது குறை கண்டுபிடிப்பான். மறுநாள் பக்கத்து வீட்டில் கேட்டால் அக்கா, "பாத்ரூம்ல வழுக்கிட்டேன்" என்பாள். என்னிடமும் அதையே சொல்வாள். கண்தான் இல்லை, காதுமா இல்லை எனக்கு?

அதனால் எழுதி வைக்க ஆரம்பித்தேன். வகுப்பில் என்னைப் போன்றவர்கள் எல்லாரும் போனுக்கு மாறியிருந்தார்கள். "இன்னுமா பிரெயில கட்டிக்கிட்டு அழுத?" என்று கேலி செய்வார்கள். ஆனால் போன் வாய்விட்டுப் படிக்கும். அதில் பதிந்தால் ஒருநாள் அவன் காதுக்கும் போய்விடும். விரலால் தடவிப் படிக்கிற பிரெயில் என்றால் அவனுக்கு வெறும் தாள். கெட்டித் தாளைச் சட்டத்தில் மாட்டி, ஊசியால் புள்ளி புள்ளியாகக் குத்தினேன். புதன். சாயங்காலம். பெல்ட். ஏழு அடி. குழம்பில் உப்பு இல்லையாம்.

ஒன்றை யோசிக்காமல் விட்டேன். குத்தினால் சத்தம் வரும். அவன் அடித்து ஓய்ந்ததும் என் அறையில் டக் டக் என்று ஆரம்பிப்பதை அவன் ஒருநாள் கவனித்துவிட்டான்.

"ஏளா, என்னத்த குத்துத?"

"பாடம்."

"நான் கை ஓங்குனா மட்டுந்தான் ஒனக்குப் பாடம் வருமோ?"

தாளைப் பிடுங்கினான். திருப்பித் திருப்பிப் பார்க்கும் சரசரப்பு கேட்டது. புரியாதது அவனுக்கு வெறியைக் கிளப்பிவிட்டது. "வாசிளா" என்றான். நான் வாயைத் திறக்கவில்லை. என் வலது கையை மேசையில் அழுத்தி, நான் படிக்கிற விரலின் நுனியில் அந்த ஊசியை இறக்கினான். எலும்பில் முட்டி நின்றது. நான் அவன் மணிக்கட்டைக் கடித்தேன். வாயில் ரத்தம் வந்தது. சந்தோஷமாக இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். அக்கா ஓடி வந்து என்மேல் விழுந்து, எனக்கு விழ வேண்டிய மிதியையும் அவளே வாங்கிக்கொண்டாள். கையில் கிடைத்த தாள்களை அவன் கிழித்துப் போட்டான். பழைய தாள்கள் என் காலேஜ் பைக்குள் இருந்தன.

மறுநாள் காலையில் கட்டுப் போட்ட விரலோடு அக்காவை ஆட்டோவில் ஏற்றி மகளிர் காவல் நிலையத்துக்குக் கூட்டிப் போனேன். அங்கிருந்த எஸ்.ஐ. அம்மா தாள்களை வாங்கி, "இதுல ஒண்ணுமே இல்லியேம்மா, ஓட்டையால்லா இருக்கு" என்றார். அதற்குள் அக்கா முந்திக்கொண்டாள். "அவ விரல்ல ஊசி கைதவறி ஏறிட்டு மேடம். அவுக என்னைய அடிக்கவே மாட்டாக."

அந்த நிமிடம் அத்தானை விட அவள்மேல்தான் எனக்கு ஆத்திரம் வந்தது. இனி இவளை அந்த வீட்டுக்கே திருப்பி அனுப்புவார்கள், ஒருநாள் பிணமாகத்தான் வெளியே வருவாள் என்று தோன்றியது. தாளை மேசையில் விரித்தேன். இடது விரலுக்குப் படித்துப் பழக்கமில்லை. ஒன்றாம் வகுப்புப் பிள்ளை மாதிரி எழுத்துக் கூட்டி வாசித்தேன். புதன், பெல்ட், ஏழு. வெள்ளி, சுவர், தலை. ஞாயிறு, இரும்புக் கரண்டி, முதுகு.

மூன்றாவது தாளில் அக்காவின் கை என் கைமேல் விழுந்தது. பிடுங்கத்தான் போகிறாள் என்று தாளை இறுக்கிப் பிடித்தேன்.

"இவ இங்கன வந்த பிறகு நடந்ததுதான் மேடம் இதுல இருக்கு" என்றாள் அக்கா. "அதுக்கு முந்தி ரெண்டு வருசம் இருக்கு. அப்பந்தான் வயித்துல மிதிச்சாரு. அப்ப அஞ்சு மாசம் எனக்கு."

எஸ்.ஐ. அம்மா பேனாவை எடுத்து எழுத ஆரம்பித்தார். அக்கா உண்டாகியிருந்ததே எனக்கு அதுவரை தெரியாது.